பெரிக்-அப்பான்-ட்வீட்: மதிலுக்குள்ளே தங்கலாமா, ஆற்றுக்கு அந்தப் பக்கமா?

தாமரைக்குளம்
எல்லோருக்கும் வணக்கம். ரெடிங்கில் இருக்கிறோம். ஆகஸ்ட் பிற்பாதியில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். எடின்பரோ காட்டலாம் என்று நினைத்தோம். அங்கே ஹோட்டல் விலையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் லேப்டாப்பையே மூடிவிட்டார். ஆபீஸில் ஒருவர், பெரிக்கில் தங்கிக்கொள்ளுங்கள், அங்கிருந்து எடின்பரோ ரயிலில் முக்கால் மணி நேரம்தான், பழைய கோட்டை ஊர், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்றார்.

அப்பாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. அம்மா சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள். நான்கு இரவு தங்க நினைக்கிறோம். எந்தப் பகுதியில் அறை தேடுவது? கார் வேண்டுமா, ரயிலே போதுமா? தேடும்போது நார்த் பெரிக் என்று ஓர் இடம் வருகிறது, அங்கேயும் அறைகள் இருக்கின்றன. அது இதே ஊரின் வடக்குப் பகுதிதானே?

அம்மா இன்னொரு கேள்வி கேட்டிருக்கிறார்: எல்லை ஊர் என்றால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டுமா?

நியூகாசில்காரன்
முதலில் அந்த நார்த் பெரிக் பக்கத்தை மூடுங்கள் தங்கச்சி. அது வேறு ஊர். ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 40 மைல். நல்ல ஊர்தான், ஆனால் நீங்கள் கேட்கும் ஊர் அதுவல்ல. போதாக்குறைக்கு பெரிக்‌ஷயர் என்ற பழைய மாவட்டமும் ஸ்காட்லாந்தில்தான் இருக்கிறது. பெரிக் ஊர் மட்டும் இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தில். அதனால் அறை தேடும்போது ‘அப்பான் ட்வீட்’ என்று முழுப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். டிடி15 என்ற அஞ்சல் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள், அதில் எல்லைக்கு அந்தப் பக்கத்து இடங்களும் வரும்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் அறை பிடித்தால் சிரமம். ட்வீட் ஆறு கடலில் கலக்கிற இடம். வடகரையில் பழைய ஊர், சுற்றிலும் மதில். தென்கரையில் ட்வீட்மவுத். அதற்கும் கிழக்கே, ஆற்று வாயில் ஸ்பிட்டல், மணல் கடற்கரை அங்கேதான். ரயில் நிலையம் வடகரையில், மதிலுக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து காஸில்கேட் தெரு வழியாக நடந்தால் பத்து நிமிடத்தில் ஸ்காட்ஸ்கேட் வாசலுக்குள் நுழைந்துவிடலாம்.

தங்குமிடங்கள் பெரும்பாலும் நான்கு வகை. ஒன்று, நிலையத்துக்கும் ஸ்காட்ஸ்கேட்டுக்கும் நடுவில் உள்ள தெருக்களில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு இதுதான் வசதி. மதிலுக்குள்ளே பழைய ஹோட்டல்களும் வாடகை வீடுகளும் உண்டு, அழகுக்குக் குறையில்லை, மாடிப்படிகளுக்கும் குறையில்லை. ஊர் விளிம்பில் செயின் ஹோட்டல்கள்: காரில் வருகிறவர்களுக்குச் சரி, ஜன்னலைத் திறந்தால் பார்க்கிங்தான் தெரியும். அப்புறம் மதிலுக்கு வடக்கே மாக்டலீன் ஃபீல்ட்ஸ் பக்கம் ஹேவன் கேரவன் பார்க். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பலரும் அங்கே போகிறார்கள். கடல் பக்கத்திலேயே, ஊருக்குள் நடந்தும் வந்துவிடலாம்.

லீத் அக்கா
எடின்பரோவிலிருந்து எழுதுகிறேன். ஆகஸ்டில் இங்கே வராமல் பெரிக்கில் தங்குவது புத்திசாலித்தனம்தான். ஆனால் இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ஆகஸ்ட் மூன்று வாரமும் இங்கே ஃப்ரிஞ்ச் கலை விழா, சர்வதேச விழா, டாட்டூ என்கிற ராணுவ இசை அணிவகுப்பு. அறை கிடைக்காதவர்கள் எல்லாம் ரயில் பாதை நெடுக ஒதுங்குகிறார்கள். அந்த அலை பெரிக் வரைக்கும் வந்து அடிக்கும்.

எல்லை ஊரில் அறை பிடிக்கும்போது இரண்டு நாட்காட்டி பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஜூன் கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். இங்கிலாந்தில் ஜூலை கடைசியில் மூடி செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறப்பார்கள். ஆக, இந்த ஊருக்குக் கோடைக் கூட்டம் இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி வரும். பேங்க் ஹாலிடே என்கிற பொது விடுமுறையும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் முதல் திங்கள், இங்கிலாந்தில் கடைசித் திங்கள். நீங்கள் சொல்லும் ஆகஸ்ட் பிற்பாதியில் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள், ஆனால் இங்கிலாந்துக் குடும்பங்கள், விழாக் கூட்டம், கடைசித் திங்கள் மூன்றும் ஒன்றாகச் சேரும். அந்த நீண்ட வார இறுதியைத் தவிர்த்து, திங்கள் முதல் வெள்ளி வரை என்று போட்டுப் பாருங்கள். விலை சட்டென்று இறங்கும்.

இன்னொன்று: எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதல் தங்கும் இரவுகளுக்கு அறைக் கட்டணத்தில் 5 சதவீதம் பயணி வரி, முதல் ஐந்து இரவுகள் வரை. பெரிக் இங்கிலாந்து என்பதால் எடின்பரோவின் இந்த வரி அங்கே கிடையாது. ஆறு பேர் நான்கு இரவு என்றால் கணக்குப் பார்க்க வேண்டிய தொகைதான்.

மறுபேச்சு
நான் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். பெரிக் அரை நாள் ஊர். மதிலை ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது. அதற்கு நான்கு இரவா? கடைகள் ஐந்து ஐந்தரைக்கு மூடிவிடும். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தினமும் எடின்பரோவுக்கு ரயில் ஏறி இறங்குவதா? எடின்பரோ வேவர்லி நிலையத்தில் இறங்கி மேலே ஏறுவதற்குள் அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நியூகாசிலில் தங்குங்கள். ஹோட்டல் நிறைய, லிஃப்ட் இருக்கும், நம் சாப்பாடும் கிடைக்கும்.

கோட்டைப்பித்தன்
//மதிலை ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது//

என் பெயருக்கே இழுக்கு வரும், பதில் சொல்லாமல் விட முடியாது :)

பெரிக் மதில் நம் செஞ்சிக் கோட்டை போல மலை மேல் ஏறி நிற்கிற மதில் அல்ல. தாழ்ந்து, தடித்து, மண்ணை அணைத்துக்கொண்டு கிடக்கும். காரணம் பீரங்கி. உயரமான கல் மதிலைப் பீரங்கிக் குண்டு சரித்துவிடும். அதனால் வெளியே கல் முகப்பு, உள்ளே மண் நிரப்பு. அங்கங்கே அம்பு முனை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தின் இடுக்கில் நிற்கிற பீரங்கி, அடுத்த கொத்தளம் வரை மதிலை ஒட்டியே சுடும். எதிரி மதிலடிக்கு வந்து ஒதுங்க ஓர் இடம்கூட இல்லை. பிராஸ் பாஸ்டியன் (பாஸ்டியன் என்றால் கொத்தளம்) மேல் நின்று கும்பர்லாந்து பாஸ்டியன் பக்கம் பாருங்கள், படம் போட்டு விளக்க வேண்டாம், கண்ணுக்கே புரியும். இத்தாலியில் பிறந்த முறை இது. 1558இல் தொடங்கினார்கள், சர் ரிச்சர்ட் லீ பொறியாளர். எலிசபெத் ராணி காலத்தில் இதற்கு ஆன செலவு 1,28,000 பவுண்டு, அந்த ஆட்சியில் கட்டுமானத்துக்காக இவ்வளவு வேறு எதற்கும் செலவழிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இந்த மதிலை யாரும் தாக்கவே இல்லை. 1603இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் அரசராகிவிட்டார். எதிரியே ராஜாவான பிறகு மதில் எதற்கு? ஆனால் அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டு இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பதின்மூன்று முறை கை மாறியிருக்கிறது. 1292 நவம்பரில் பெரிக் கோட்டை மண்டபத்தில்தான் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட், ஜான் பேலியலை ஸ்காட்லாந்து அரசர் என்று தீர்ப்புச் சொன்னார். நான்கு வருடம் கழித்து அதே எட்வர்ட் படையோடு வந்து ஊரைச் சூறையாடினார், ஆயிரக்கணக்கில் சாவு. ராபர்ட் புரூஸுக்கு முடி சூட்டியதற்காக பக்கன் சீமாட்டி இசபெல்லாவை இந்தக் கோட்டையில் ஒரு கூண்டில் அடைத்து வைத்திருந்தார்கள், 1306 முதல் 1310 வரை. 1318இல் புரூஸ் பிடித்தார். 1333இல் ஊருக்கு வெளியே ஹாலிடன் குன்றில் சண்டை நடந்து மறுபடி இங்கிலாந்து கைக்குப் போனது. கடைசியாக 1482இல் க்ளாஸ்டர் கோமகன் ரிச்சர்ட் (பிறகு மூன்றாம் ரிச்சர்ட்) பிடித்ததிலிருந்து இங்கிலாந்து வசம்தான்.

அந்த மண்டபம் எங்கே என்று கேட்பீர்கள். நீங்கள் ரயிலிலிருந்து காலை வைக்கப்போகும் இடம்தான். 1840களில் ரயில் வந்தபோது கோட்டையின் பெரும்பகுதியை இடித்து, மண்டபம் இருந்த இடத்தில் பிளாட்பாரம் போட்டுவிட்டார்கள். நிலையத்தில் பலகை இருக்கிறது. மிச்சமிருக்கும் மதில் ஒன்று நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து ஆறு வரை சரசரவென்று இறங்கும். அதை ஒட்டிய படிக்கட்டுக்கு ‘பிரேக்நெக்’ என்றே பெயர். அப்பாவை அந்தப் பக்கம் அழைத்துப் போக வேண்டாம்.

தாமரைக்குளம்
கோட்டைப்பித்தன் அண்ணா, இதைப் படித்துக் காட்டியதும் அப்பா இந்த ஊர்தான் என்று முடிவே செய்துவிட்டார். சரித்திர வாத்தியாராக இருந்தவர். அவருக்காகவே இனி இங்கேதான் தங்க வேண்டும். மதில் மேல் நடக்க முட்டி ஒத்துழைக்குமா?

நியூகாசில்காரன்
மதில் சுற்று ஒன்றேகால் மைல், டிக்கெட் இல்லை, எந்நேரமும் போகலாம். மேலே ஏறியபின் பெரும்பாலும் சமதளம். ஆற்றோரத்து கீ வால்ஸ் பகுதி இன்னும் சுலபம். அப்பா அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாலே மூன்று பாலத்தையும் பார்க்கலாம்.

ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் கவனம். புல் தரை போலப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று நேராகப் பள்ளம். கைப்பிடி கிடையாது, பள்ளம் இருப்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. கொத்தளங்களின் ஓரம்தான் மோசம். இருட்டிய பிறகும், கடல் மூட்டம் ஏறியிருக்கும்போதும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆகஸ்டிலும் மூட்டம் வரும். காலையில் வெயிலைப் பார்த்துக் கிளம்பியிருப்பீர்கள், கடல் பக்கமிருந்து வெள்ளையாக உருண்டு வந்து எதிர்க்கரையை மறைத்துவிடும். ஒரு ஸ்வெட்டர் எப்போதும் கையில் இருக்கட்டும்.

மறுபேச்சு சொன்னதில் பாதி நியாயம். கடைகள் சீக்கிரம் மூடும், சரி. ஆனால் ஊரில் அப்புறம் தான் நன்றாக இருக்கும். பகல் கூட்டம் ரயில் ஏறிப் போன பிறகு, பழைய பாலத்தின் மேல் நடந்து பாருங்கள். 1611இல் தொடங்கி 1624 வரை கட்டிய மணற்கல் பாலம், பதினைந்து வளைவு. மேற்கே பார்த்தால் 1928இல் திறந்த கான்கிரீட் பாலம், அதற்கும் அப்பால் ராபர்ட் ஸ்டீபன்சனின் ராயல் பார்டர் பாலம், 28 வளைவு, 1850இல் விக்டோரியா ராணி வந்து திறந்தது. ஒரு ரயில் அதன் மேல் மெதுவாகப் போகும், கீழே ஆற்றில் அன்னங்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். பகலில் வந்து போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

மறுபேச்சு
//ஊரில் அப்புறம் தான் நன்றாக இருக்கும்//

அன்னம் பார்க்க அறை வாடகையா... சரி, வாத்தியார் அப்பா என்றால் நான் வாபஸ். ஆனால் நான்கு இரவு அதிகம் என்பதில் மாற்றமில்லை. இரண்டு இரவு பெரிக், இரண்டு இரவு நியூகாசில் என்று பிரியுங்கள்.

லீத் அக்கா
பெட்டிகளோடு ஆறு பேர் இடையில் இடம் மாறுவதா? தம்பி, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிகிறது.

வண்டிக்காரன்
கார் பற்றி. லண்டன் பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரம் சொச்சம். காரில் வந்தால் ஒரு நாளே போய்விடும். மார்பெத் ஊருக்கு வடக்கே ஏ1 நெடுஞ்சாலை பல இடங்களில் ஒற்றைப் பாதை, ஒரு டிராக்டர் முன்னால் போனால் எல்லோரும் அதன் பின்னால்தான். அகலப்படுத்தும் திட்டத்தையும் 2024இல் ரத்து செய்துவிட்டார்கள். வடக்கே போகும் எல்லா வேக ரயில்களும் பெரிக்கில் நிற்காது, டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தவிருங்கள், பாதை வேலை என்று பஸ்ஸில் ஏற்றிவிடும் வாய்ப்பு அன்றுதான் அதிகம்.

ஊருக்குள் கார் தேவையில்லை, அது தொல்லை. தெருக்கள் ஒடுக்கம், ஸ்காட்ஸ்கேட் வளைவுக்குள் நுழையும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். நார்தம்பர்லாந்தில் பல இலவசப் பார்க்கிங்கில் வந்த நேரத்தைக் காட்டும் அட்டை டிஸ்க்கைக் கண்ணாடியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். மதிலுக்குள் ஹோட்டல் எடுத்தால் “பார்க்கிங் உண்டா” என்று கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்பார்கள். “உங்கள் சொந்த இடமா, தெருவா, எத்தனை நிமிட நடை” என்று கேளுங்கள்.

ஒரே ஒரு நாள் மட்டும் காரோ டாக்சியோ எடுத்தால் சுற்றுப்புறத்துக்கு நல்லது. ஹார்ன்க்ளிஃப் பக்கம் யூனியன் செயின் பாலம்: 1820இல் கட்டிய இரும்புச் சங்கிலித் தொங்கு பாலம், இங்கிலாந்துக் கரையிலிருந்து ஸ்காட்லாந்துக் கரைக்கு. பழுது பார்த்து 2023இல் மறுபடி திறந்தார்கள். இன்றும் கார் போகிறது. பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தி ஒரு கால் இந்த நாடு, ஒரு கால் அந்த நாடு என்று காட்டலாம், காரை அல்ல, பிள்ளைகளை.

ஓட்டுகிறவர் இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் எடுப்பவராக இருந்தால்: இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் வரம்பு, ஸ்காட்லாந்தில் 50. எல்லைக்கு, ஊரிலிருந்து இரண்டரை மைல்தான். பெரிக்கில் சட்டப்படி சரியாக இருந்தவர், ஐந்து நிமிடத்தில் குற்றவாளி. தொடாமல் இருப்பதே நல்லது.

படிவம்
அம்மாவின் பாஸ்போர்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எல்லையில் சோதனை எதுவும் இல்லை, ஒரு பலகையும் கொடியும்தான். பிரிட்டன் விசிட்டர் விசா இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே.

ஆனால் ஹோட்டலில் ஒரு விதி உண்டு. 1972ஆம் ஆண்டு ஆணைப்படி 16 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லா விருந்தினரின் முழுப் பெயரையும் நாட்டுரிமையையும் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ், ஐரிஷ், காமன்வெல்த் குடிமக்கள் அல்லாதவர்கள் பாஸ்போர்ட் எண்ணும், அடுத்துப் போகும் இடமும் சொல்ல வேண்டும். இந்தியா காமன்வெல்த் நாடு, இலங்கையும் அப்படியே. அதனால் சட்டப்படி உங்கள் பெற்றோர் பெயரும் நாட்டுரிமையும் சொன்னால் போதும். ஆனாலும் வரவேற்பில் இருக்கும் சின்னப் பையனுக்கு இதெல்லாம் தெரியாமல் பாஸ்போர்ட்டைக் கேட்பான். அங்கே நின்று சட்டம் பேசுவதைவிட போனில் ஒரு படம் வைத்திருந்து காட்டிவிடுங்கள்.

கோட்டைப்பித்தன்
எல்லைப் பேச்சு வந்ததால்: பெரிக் இன்னமும் ரஷ்யாவோடு போரில் இருக்கிறது என்று கைடு யாராவது கதை விடுவார். கிரிமியப் போர் அறிவிப்பில் ஊர்ப் பெயர் இருந்ததாம், சமாதானத்தில் விட்டுப்போனதாம். நல்ல கதை, உண்மை அல்ல. 1746இலேயே ஒரு சட்டம் போட்டு, இங்கிலாந்து என்றால் பெரிக்கும் அதில் அடக்கம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கைடை மடக்கட்டும்.

உண்மையான விசித்திரம் வேண்டுமென்றால் கால்பந்து. பெரிக் ரேஞ்சர்ஸ் இங்கிலாந்து மண்ணில் இருக்கும் அணி, ஆடுவது ஸ்காட்லாந்துப் போட்டிகளில். 1967இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸையே 1-0 என்று வென்றார்கள். மைதானம் ட்வீட்மவுத்தில்.

மிளகுரசம்
சாப்பாடு. கெஸ்ட் ஹவுஸ் காலை உணவு என்றால் பன்றி, முட்டை, கருப்பு புட்டிங் (ரத்தம் சேர்த்த தொத்திறைச்சி). “வெஜிடேரியன்” என்று சொன்னால் முட்டையை வைத்துவிடுவார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம். அதனால் முன்பதிவு செய்யும்போதே “முட்டை வேண்டாம், மீன் வேண்டாம்” என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பீன்ஸ், காளான், தக்காளி, உருளைக்கிழங்கு, டோஸ்ட், கஞ்சி கிடைக்கும். அந்த ஓட்ஸ் கஞ்சியைப் பாலில் செய்வார்களா தண்ணீரிலா என்று கேட்டுக்கொள்ளலாம். ஊரில் இந்திய உணவகமும் சூப்பர் மார்க்கெட்டும் உண்டு. ஆனால் நான்கு இரவும் கடைச் சாப்பாடு என்றால் அம்மா மூன்றாம் நாள் ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பிடுவார், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே. ஒரு சின்ன அடுப்படி உள்ள வாடகை வீடு எடுங்கள். அரிசியும் பருப்பும் ஒரு சின்னக் குக்கரும் பெட்டியில் போட்டால் தீர்ந்தது.

தாமரைக்குளம்
எல்லோருக்கும் நன்றி. மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, கீ வால்ஸ் மேலேயே ஜார்ஜியன் காலத்து வீடு, மூன்று மாடி, ஆற்றைப் பார்த்த ஜன்னல், அடுப்படி இருக்கிறது. படம் பார்த்தாலே ஆசையாக இருக்கிறது. இரண்டாவது, நிலையத்துக்குப் பக்கத்தில் கெஸ்ட் ஹவுஸ், இரண்டு குடும்ப அறை, அதில் ஒன்று தரைத்தளம், சமைக்க முடியாது. மூன்றாவது, ஸ்பிட்டலில் கடற்கரைக்குப் பக்கத்தில் தரைத்தள ஃப்ளாட், அடுப்படி உண்டு, மற்ற இரண்டையும்விட மலிவு. எது?

வண்டிக்காரன்
ஸ்பிட்டல் கடற்கரை பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் கார் இல்லாமல் அங்கிருந்து நிலையத்துக்குப் பஸ்ஸை நம்ப வேண்டும், மாலையில் பஸ் குறைந்துவிடும். எடின்பரோ போய்விட்டு ராத்திரி திரும்பினால் டாக்சி. சின்ன ஊர், டாக்சி வரிசையில் நிற்காது, முன்கூட்டியே போன் பண்ண வேண்டும்.

நியூகாசில்காரன்
முதல் வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாசலில் எத்தனை படி? தரைத்தளத்தில் கழிவறையும் ஒரு படுக்கையும் இருக்கிறதா? மாடிப்படியில் கைப்பிடி ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? அந்தக் கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருப்பவை, நினைத்தபடி லிஃப்ட் வைக்க முடியாது. ‘கிரவுண்ட் ஃப்ளோர்’ என்று போட்டிருப்பார்கள், தெருவிலிருந்து அந்தக் கிரவுண்டுக்கு ஏறவே படி இருக்கும். படங்களில் வாசல் படி எப்போதும் விடுபட்டுப் போயிருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

ஆற்றோரத்திலிருந்து மேரிகேட் கடைத்தெருவுக்கு வெஸ்ட் ஸ்ட்ரீட் வழியாக ஏற வேண்டும், கல் பாவிய செங்குத்துச் சரிவு. மழையில் எனக்கே வழுக்கும். நிலையம் இன்னும் மேலே.

பழைய வீடு, கடற்பறவைகள் என்று இன்னொரு கூட்டும் உண்டு. ஆகஸ்டில் விடியும் முன்பே புகைபோக்கி மேல் உட்கார்ந்து கடல்காகங்கள் சண்டை போடத் தொடங்கிவிடும். ஆற்றைப் பார்த்த ஜன்னலில் தூங்குகிறவர் யாரோ, அவருக்குக் காதில் வைக்கப் பஞ்சு தேவை.

கோட்டைப்பித்தன்
கீ வால்ஸ் வீட்டை விட்டுவிடாதீர்கள் என்று என் மனம் சொல்கிறது, முட்டி வேறு சொல்லும். அங்கிருந்து இரண்டு நிமிடத்தில் டியூவர்ஸ் லேன். சரிந்து நிற்கும் பழைய தானியக் கிடங்கு ஒன்று இருக்கிறது அங்கே, 1769இல் கட்டியது. ஓவியர் லவ்ரி அந்த லேனை 1936இல் வரைந்தார், பிறகும் பல முறை இந்த ஊருக்கு வந்து போனவர். ஊர் முழுக்க அவர் வரைந்த இடங்களில் பலகை வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு தேடல் விளையாட்டு. 1720 வாக்கில் கட்டி முடித்த ராணுவக் குடியிருப்பு ‘பேரக்ஸ்’ ஒன்றும் உண்டு. அங்கே சீரமைப்பு வேலை நடப்பதால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

லீத் அக்கா
ஹோலி ஐலண்ட் யாரும் சொல்லவில்லையே! காரில் அரை மணி. லிண்டிஸ்ஃபார்ன் மடம் இருந்த தீவு, 793இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடியது. தரையிலிருந்து தீவுக்கு ஒரு தார்ச்சாலை, ஒரு நாளில் இரண்டு முறை கடல் அதை மூடிவிடும். எப்போது கடக்கலாம் என்று நார்தம்பர்லாந்து கவுன்சில் தேதிவாரியாக நேரம் போடுகிறது. அதைப் பார்க்காமல் அன்றைய திட்டத்தைத் தொடவே கூடாது. முன்னால் போன கார் போகிறதே என்று பின்னால் போய் ஒவ்வொரு வருடமும் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள். நடுவழியில் கம்பங்களின் மேல் ஒரு சின்ன மரக்கூண்டு தெரியும், காரை விட்டுவிட்டு ஏறி உட்காரத்தான் அது. கோடையில் பெரிக்கிலிருந்து பஸ்ஸும் உண்டு, அதன் நேரமும் அலையைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும்.

அறை விஷயத்தில் என் ஓட்டு: எடுக்கும்போது இலவச ரத்து உள்ள விலையில் எடுங்கள். சில பவுண்டு கூடத்தான். முட்டி அன்றைக்கு என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்.

தாமரைக்குளம்
கீ வால்ஸ் வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. வாசலில் ஐந்து படி, கைப்பிடி இல்லை. கழிவறை முதல் மாடியில். நியூகாசில்காரன் அண்ணா கேட்கச் சொன்ன மூன்றுக்கும் பதில் சரியில்லை.

கெஸ்ட் ஹவுஸ் அம்மாவிடம் பேசினேன். வாசலில் ஒரு படிதான், தரைத்தள அறையில் உட்கார்ந்து குளிக்கும் வசதி இருக்கிறது. முட்டை இல்லாமல் தனித் தட்டு தருகிறேன், மாலையில் என் அடுப்படியில் மைக்ரோவேவ் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். ஏஜென்சி தளத்தில் பார்த்ததைவிட நேரடியாகக் கேட்டதில் விலையும் கொஞ்சம் குறைந்தது. செவ்வாய் முதல் சனி வரை எடுத்துவிட்டேன், கடைசி வார இறுதிக்கு முன்பே கிளம்பிவிடுவோம்.

மிளகுரசம்
மைக்ரோவேவில் சாதம் வைக்கும் பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குக்கரை வீட்டிலேயே விடுங்கள், விசில் சத்தம் கேட்டு அந்தம்மா தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்.

மறுபேச்சு
நான்கு இரவு...

நியூகாசில்காரன்
விடுங்கள் தம்பி :) தங்கச்சி, சீட் பதிவு செய்யும்போது வடக்கே போகிற திசைக்கு வலது பக்கம் கேளுங்கள். நியூகாசில் தாண்டியதும் கடல் அந்தப் பக்கம்தான். பெரிக் வரும் முன்பு அந்த 28 வளைவுப் பாலத்தில் வண்டி போகும்போது கீழே மற்ற இரண்டு பாலமும் ஊரும் அதே பக்கம் தெரியும். அப்பாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், ஆனால் பெட்டிகளைப் பாலம் வருவதற்கு முன்பே கதவுப் பக்கம் நகர்த்திவிடுங்கள். பாலம் முடிந்த கையோடு பிளாட்பாரம், வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது.